ஐம்பத்தொன்பதாம் பக்கம்

கேட்டால் சொல்லமாட்டார். பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். விடை அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். இருந்தும் வாயிலிருந்து ஒரு சொல் வராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "கொப்பியில இருக்கு, பாரும்" என்பார். மின்பிறப்பாக்கி நின்று, இன்னும் இரண்டு நிமிடத்தில் கணினி அணையப்போகிறது என்று யு.பி.எஸ். கத்திக்கொண்டிருக்கும்போதும் அதே பதில்தான். அவருக்குக் கீழே மூன்று வருடம் வேலை செய்தேன். மூன்று வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனது.

சமாதான காலம் அது. போர்நிறுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை திறந்து, கிளிநொச்சியில் கூரை போன வீடுகளுக்குத் தகரம் ஏறிக்கொண்டிருந்தது. வன்னி முழுக்கக் கண்ணிவெடி அகற்றும் அணிகள் வேலை செய்தன. எந்தக் காணித்துண்டு துப்புரவாகிவிட்டது, எது இன்னும் இல்லை என்று அவர்கள் தாளில் எழுதி அனுப்புவார்கள். அதைக் கணினியில் ஏற்றி, வரைபடத்தில் பச்சையாகவும் சிவப்பாகவும் காட்டுகிற மென்பொருளை எழுதியது எங்கள் பிரிவு. பிரிவு என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு கல்வீட்டில் இரண்டு அறை, மூன்று கணினி. பிரிவுக்குப் பொறுப்பு அவர். புரோகிராம் எழுதுவது நான். அறிக்கைகளைப் பதிவது சுகந்தி என்றொரு பிள்ளை. வாகனம் ஓட்டுவது ராமையா அண்ணை.

பொறுப்பாளர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். புரோகிராம் எழுதுவதில் நான் அவரைவிடக் கெட்டிக்காரன். இது என் தற்பெருமை இல்லை, வெளியிலிருந்து ஆட்கள் வரும்போது அவரே சொல்வார். சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ஆனா எழுதித் தரமாட்டார்" என்றும் சொல்வார். முன்பாதியைக் கேட்டு நிமிர்ந்த என் தலை பின்பாதியில் குனிந்துவிடும்.

கொப்பி என்பது கணக்கு எழுதுகிற மாதிரியான ஒரு தடித்த சீ.ஆர். குறிப்புப் புத்தகம். பழுப்புத் தாள் உறை. முதுகில் ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு பேனை. மேலே 'எல்லாருக்கும்' என்று எழுதியிருந்தது. பக்கங்களுக்கு அவர் கையால் இலக்கமிட்டிருந்தார். தரவைப் பிரதி எடுப்பது எப்படி, அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் என்ன செய்வது, எந்த அணியின் அறிக்கையை எப்படித் திருத்தி ஏற்றுவது, எல்லாம் அதில் இருக்கவேண்டும். கழிப்பறைத் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்பதுகூடப் பதினோராம் பக்கத்தில் இருந்தது. ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தால் அன்றே எழுதவேண்டும். எழுதாவிட்டால் அது நடக்கவில்லை. இது வேடிக்கைக் கதை இல்லை, "கொப்பியில இல்லாட்டி நடக்கேல்லை" என்பது அவர் ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்கிற வசனம்.

எழுதுவதோடும் முடியாது. எழுதியதைப் பென்சிலோடு வாசிப்பார். நான் ஒருமுறை, 'வழக்கம்போலப் பிரதி எடுக்கவும்' என்று எழுதினேன்.

"ஆற்றை வழக்கம்?" என்றார்.

"எங்கடைதான் அக்கா. நாளாந்தம் செய்யிறதுதானே."

"நாளைக்கு நீரும் இல்லை, நானும் இல்லை எண்டு வைப்பம். அப்ப வாறவருக்கு எங்கடை வழக்கம் எங்கை தெரியப்போகுது?"

'வழக்கம்போல' வெட்டப்பட்டது. 'அதை அழுத்தவும்' என்றால் 'எதை?' என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அதையும் தாண்டினால் கடைசிக் கண்டம் ஒன்று இருந்தது. அதுதான் ராமையா அண்ணை.

ராமையா அண்ணையின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கணினியை அவர் தொட்டதே இல்லை. அக்காவுக்கு அதுதான் தேவைப்பட்டது. புதிதாக ஒரு பக்கம் எழுதினால், ராமையா அண்ணையைக் கூப்பிட்டுக் கணினிக்கு முன்னால் இருத்துவார். அவர் விரலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்து, எழுதியிருப்பதை மட்டும் செய்வார். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. வேலை சரிவந்தால் பக்கத்தின் இடது மூலையில் பென்சிலால் 'ரா' என்று போடுவார். வராவிட்டால் நிமிர்ந்து, கெட்ட சேதி சொல்லவந்தவர் மாதிரித் தயங்கி, "விளங்கல்லை மிஸ்" என்பார். நான் திரும்ப எழுதவேண்டும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவன், நான் எழுதியது சரியா பிழையா என்று சொல்ல வாகனச் சாரதி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம், அவருக்கும் அது கரைச்சல்தான். அக்கா மேல்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். அன்றைக்கு மட்டும் வாயால் பதில் சொன்னார், அதுவும் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு.

முதல் பக்கத்தில் ஒரு பழைய தாளின் பிரதியை ஒட்டியிருந்தார். வெடி புதைத்த யாரோ கையால் கீறிய படம். 'பெரிய பாலையிலிருந்து கிணற்றுப் பக்கமாகப் பன்னிரண்டு அடி, பிறகு வழக்கமான இடைவெளி' என்று இருந்தது.

"இதில எந்தப் பாலை?" என்று கேட்டார். "மரம் செல்லடியில போயிட்டுது. ஆற்றை அடி, பெரிய காலோ சின்னக் காலோ? வழக்கமான இடைவெளி எண்டா எவ்வளவு? வைச்சவருக்கு எல்லாம் தெரியும். அவர் இப்ப இல்லை. இதை வைச்சுக்கொண்டு தேடப்போய் ஒரு பிள்ளைக்குக் கண் போயிட்டுது." கொப்பியை மூடினார். "எழுதாத ஆக்களைவிட, தங்களுக்கு மட்டும் விளங்க எழுதின ஆக்களிலதான் எனக்குக் கோபம்."

நியாயம்தான். ஆனால் நியாயமான ஆளோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சும்மா சொல்லக்கூடாது. சுகந்தி மலேரியாவில் படுத்தபோது அவளின் வேலை ஒருநாள்கூடத் தேங்கவில்லை. அவள் எழுதிய பக்கங்களை வைத்து அக்காவே செய்தார். ஒரு கார்த்திகை மழையில், கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு, தான் தெப்பமாக நனைந்து வந்து நின்றார். "குடை கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டேன். குடையைக் கொப்பிக்கு மேலே விரித்துக் கட்டியிருந்தார். அன்றைக்குச் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

இனி ஹனீபா நானாவைச் சொல்லவேண்டும். முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயி. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு எழுப்பி அனுப்பியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனவர். பாதை திறந்ததும் மாதத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி எங்களிடம் வந்துவிடுவார். ஒரே கேள்வி: "தம்பி, நம்ம காணி பச்சையாகிட்டுதா?"

காணியின் முன்பாதி பச்சையாகியிருந்தது. கிணறு இருந்த பின்பாதி சிவப்பு. அவருக்குத் தேவை கிணறு. கிணறு இல்லாமல் தென்னம்பிள்ளை வைக்க முடியாது, தென்னம்பிள்ளை வைக்காமல் மனைவி வரமாட்டேன் என்று நிற்கிறாராம். திரையில் தன் காணியைக் காட்டச் சொல்லி, சிவப்பின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்ப்பார். வரும்போதெல்லாம் எங்களுக்கு மஸ்கட் இனிப்பு வாங்கி வருவார். சுகந்தி அவரைக் கண்டாலே எழும்பிக் கதிரை கொடுப்பாள். அந்தக் கிணறு பச்சையாகும் நாளை நாங்கள் எல்லாரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்ணிவெடி அணிகளில் ஒன்று, இடத்தைக் காட்டும் கருவியைப் பழைய நில அளவைப் படத்தின் கணக்குக்கு வைத்திருந்தது. மற்ற அணிகள் புதிய கணக்கில். இரண்டுக்கும் இடையே ஒரு காணியின் அகலம் அளவுக்கு வித்தியாசம் வரும். அதனால் அந்த அணியின் எண்களை முதலில் கையால் திருத்தி, பிறகுதான் ஏற்றவேண்டும். முப்பத்தோராம் பக்கத்தில் அது இருந்தது. கையால் செய்கிற வேலை, பிழை வரும். எனக்கு அது கண்ணுக்குள் தூசி மாதிரி. அக்கா ஒரு கிழமை வவுனியாவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, புரோகிராமே அந்தத் திருத்தத்தைச் செய்யும்படி மாற்றிவிட்டேன். நல்ல வேலை. இன்றைக்கும் சொல்வேன், நல்ல வேலை. சுகந்தியிடம் சொன்னேன், "இனி கையால திருத்தாதையும், அப்படியே அடியும்."

கொப்பியிலும் எழுதினேன். ராமையா அண்ணைக்கு விளங்கவில்லை. திரும்ப எழுதினேன். விளங்கவில்லை. மூன்றாம் தரமும் அவர் தயங்கி நிமிர்ந்தபோது, தாளைக் கிழித்துக் கசக்கிக் கூடைக்குள் எறிந்துவிட்டு எழும்பிப் போனேன்.

கிழமை முடிய ராமையா அண்ணை போய் அக்காவைக் கூட்டி வந்தார். வாகனத்திலிருந்து இறங்கிப் படியில் கால் வைக்கிறார், நான் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, முப்பத்தோராம் பக்கத்துத் திருத்தம் இனித் தேவையில்லை. புரோகிராம் செய்யும்."

"கொப்பியில இருக்கோ?"

"இல்லை. இப்ப வாயால சொல்லுறன்."

"அப்ப நடக்கேல்லை. எழுதும், பிறகு கதைப்பம்."

உள்ளே போய்விட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொன்னது கேட்டதுதானே? செவிடு இல்லையே? எழுதமாட்டேன், போ, என்று நினைத்தேன். மூக்குமுட்டக் கோபம். எட்டு நாள் எழுதவில்லை.

அந்த எட்டு நாளில் ஒரு சனிக்கிழமை சுகந்தி லீவு. தேங்கிய அறிக்கைகளை அக்காவே இருந்து ஏற்றினார். முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்து, அதில் இருந்தபடி, ஒவ்வோர் எண்ணையும் கையால் திருத்தி ஏற்றினார். புரோகிராம் அதை இன்னொரு தரம் திருத்தியது. துப்புரவான துண்டுகள் எல்லாம் ஒரு காணி அகலத்துக்கு மறுபக்கம் தள்ளிப்போய் உட்கார்ந்தன.

திங்கட்கிழமை ஹனீபா நானா வந்தார். திரையைத் திறந்தேன். கிணறு பச்சை.

நான்தான் காட்டினேன். நான்தான் அச்செடுத்தேன். கடுதாசியை அவர் இரண்டு கையாலும் வாங்கி, அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்கும் சந்தோசம். அந்தச் சந்தோசத்தில், அந்தத் துண்டை எந்த அணி, என்றைக்குத் துப்புரவாக்கியது என்று பார்க்கத் தோன்றவில்லை. காணியில் அபாயம் காட்டும் சிவப்புக் கட்டைகள் நின்றிருந்தால் அவரே திரும்பியிருப்பார். அவற்றை யாரோ வேலிக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அது எல்லா இடத்திலும் நடந்தது, கட்டைக்கும் தட்டுப்பாடு.

கிணற்றடியில் வெடித்து அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

சேதி வந்ததும் அக்கா கொப்பியையும் என் புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அரை மணித்தியாலம் பிடிக்கவில்லை. என்னைத் திட்டவில்லை. ராமையா அண்ணையிடம், "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று மட்டும் சொன்னார்.

ஹனீபா நானா விழித்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியின் மேல் அந்தக் கடுதாசி மடித்தபடி இருந்தது. என்னைப் பார்த்து, "தம்பி, பேப்பரில பச்சைதானே இருந்திச்சு? நமக்குத்தான் பார்க்கத் தெரியாமப் போச்சோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தன்னில் பிழையோ என்று கேட்டார்.

அக்காதான் சொன்னார். "இல்லை நானா. நீங்கள் சரியாத்தான் பார்த்தனீங்கள். பச்சைதான் இருந்தது. பிழை எங்கடை." கொப்பியில் இல்லாத ஒன்றை, கேட்டவுடன் அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் ஐம்பத்தெட்டாம் பக்கத்தை எழுதினார். என்ன நடந்தது என்பதை, முதலிலிருந்து. ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'புரோகிராம் மாற்றப்பட்டது எனக்கு வாயால் சொல்லப்பட்டது. நான் கேட்டேன். கொப்பியில் இல்லாததால் அதை ஏற்கவில்லை.' என் பெயரை எங்கேயும் போடவில்லை. எழுதி முடித்துவிட்டு, வழமைபோல ராமையா அண்ணையைக் கூப்பிட்டார்.

அவர் விரல் வைத்து வாசித்தார். அந்த வரியில் விரல் நின்றது. திரும்ப வாசித்தார். நிமிர்ந்தார்.

"விளங்கல்லை மிஸ்."

"எது விளங்கேல்லை?"

"கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. கேட்டா, பிறகு ஏன் செய்யல்லை?"

அக்கா கொப்பியை வாங்கி அந்த வரியை வெட்டி வேறு மாதிரி எழுதினார். ராமையா அண்ணை வாசித்தார், தலையாட்டினார், விளங்கவில்லை என்று. மூன்றாம் தரம் எழுதினார். நாலாம் தரம். ராமையா அண்ணையின் கண் கலங்கிவிட்டது, "மிஸ், நான் போட்டுடுறேன், குடுங்க" என்று பென்சிலை எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "விளங்காமப் போடக் கூடாது ராமையா அண்ணை." ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் 'ரா' விழவில்லை.

பிறகு அக்கா மாறிப்போனார். அது நல்ல மாற்றம் என்று சொல்லமாட்டேன். யாராவது எதையாவது சொன்னால், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால்கூட, கையில் இருப்பதை வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பார். "வேறை ஏதும் சொன்னனீரோ?" என்று கேட்பார். ஒன்றும் சொல்லாதபோதும் கேட்பார். பழைய ஆளே பரவாயில்லை என்று இருந்தது.

ஒருநாள் கொப்பியை என் மேசையில் வைத்தார். ஐம்பத்தொன்பதாம் பக்கத்தின் மேலே என் பெயர். கீழே வெறுமை.

"இது உம்மடை பக்கம். எழுதும்."

"நான் வாயால சொன்னனான். அதுதான் என்ரை பக்கம்."

"சொன்னனீர். அதை நான் எழுதியிட்டன். மிச்சத்தை நீர் எழுதும்."

"மிச்சம் ஒண்டும் இல்லை அக்கா."

அவர் நின்று கேட்டார், முழுக்கக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த மாத முடிவில் வேலையை விட்டேன். வவுனியாவில் வேறு இடம் கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது, "போட்டு வாங்கோ" என்றார். மூன்று வருடமும் 'நீர்' என்று கதைத்தவர், அன்றைக்கு மரியாதை 'ங்கோ' போட்டார்.

கொஞ்ச மாதத்தில் போர் திரும்பத் தொடங்கிப் பாதை மூடியது. பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அக்கா சனத்தோடு சனமாகக் கிழக்கே போனதாகக் கேள்வி. அதற்கு அப்பால் சேதி இல்லை. எல்லாம் முடிந்த பிறகு முகாம்களில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்களில் தேடினேன். எத்தனையோ பேருடைய பெயர்கள் பிழையாக எழுதப்பட்டிருந்தன, ஒரே பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி. அவர் பார்த்தால் பென்சில் எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, வெயிலில் நின்று கடைசிப் பட்டியல் வரை வாசித்தேன்.

அந்த மார்கழியில்தான் வவுனியாவுக்குப் பக்கத்து நெளுக்குளத்தில் ராமையா அண்ணையைக் கண்டேன். ஓட்டோ ஓட்டுகிறார். பாதை மூடுவதற்கு முதல் நாள் வாகனத்தைத் திருத்த வவுனியாவுக்கு வந்தவர் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணி தந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். பழுப்பு உறை. நூலில் பேனை இல்லை.

"ரெண்டு பிரதி எடுத்திட்டு வாங்கன்னு மிஸ் தந்து விட்டாங்க. எடுத்தேன். கொண்டு போகத்தான் முடியல்லை."

புரட்டினேன். மூலைக்கு மூலை 'ரா'. ஐம்பத்தெட்டில் நாலு தரம் வெட்டி எழுதிய வரி. ஐம்பத்தொன்பதில் என் பெயர், கீழே இன்னும் வெறுமை.

கொப்பியை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மூன்று நாள் இருந்து எழுதினேன். நான் வாயால் சொன்னதை எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்ததை எழுதினேன். 'வழக்கம்போல' எங்கேயும் இல்லை, 'அது' எங்கேயும் இல்லை. நாலாம் நாள் நெளுக்குளத்துக்குப் போய், ஓட்டோவின் பின் சீற்றில் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கொடுத்தேன்.

விரலை வைத்து வாசித்தார். கண்ணாடி போட்டிருந்தார் இப்போது. முணுமுணுப்பு மட்டும் பழையது. 'வாயால் சொன்னேன்' என்ற வரியில் விரல் நின்றது. திரும்ப வாசித்தார். கெட்ட சேதி சொல்லவந்தவர் மாதிரித் தயங்கி நிமிர்ந்தார்.

"தம்பி, மிஸ் வாயால சொன்னா எடுக்கமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"தெரிஞ்சா, பிறகு ஏன் எழுதல்லை?"

நான் கொப்பியை வாங்கினேன். அந்த வரியை வெட்டினேன். பேனை கையில் இருந்தது. அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.